துப்பாக்கிக்காரர்களின் மனைவிகள்

அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். டாலஸில் நடந்த துப்பாக்கிச் சந்தைக்குப் போயிருந்த சேனாபதி, திரும்பும் வழியில் இந்தியன் ஸ்டோரில் நிறுத்தி, நான் சொன்ன கொத்தமல்லியும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வந்தார். சமையலறை மேடைமேல் கொத்தமல்லிப் பையும் துப்பாக்கிப் பெட்டியும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. நான் முதலில் கொத்தமல்லியைத்தான் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

கணவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று என் அம்மா வளர்த்தார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

சேனாபதிக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தாள் பெயர் ராஜலக்ஷ்மி. நான் வருவதற்கு மூன்று வருடம் முன்பு, டாலஸை ஒட்டிய காப்பெலில் இதே வீட்டில், அட்டிக் என்கிற கூரைப் பரணுக்குப் போகும் மடக்கு ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோனாள். ஊருக்குப் போவதற்காக மேலே இருந்த சூட்கேஸை எடுக்க ஏறினாளாம். பெண் பார்க்க வந்தபோதே சேனாபதி இதை என்னிடம் கண் கலங்கச் சொன்னார். முப்பத்தாறு வயது வரை வரன் அமையாமல் இருந்த எனக்கு, கண் கலங்குகிற ஆண் நல்லவன் என்று தோன்றிவிட்டது. படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

பெட்டியைத் திறந்து காட்டினார். அவரிடம் ஏற்கெனவே ஏழு துப்பாக்கிகள், நம்பர் பூட்டுப் போட்ட இரும்புச் சேஃபுக்குள் இருந்தன. அவை எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இது அப்படி இல்லை. கைத்துப்பாக்கிதான், ஆனால் மெலிந்து, நீண்டு, கருநீலத்தில், பக்கவாட்டில் சின்னச் சிலுவைக் குறியோடு இருந்தது. சுவிட்சர்லாந்து ராணுவத்துக்காக நியூஹௌசன் என்ற ஊரில் செய்ததாம். அங்கே ராணுவப் பணி முடிந்தவர்கள் தங்கள் துப்பாக்கியை வீட்டுக்கே கொண்டுபோகலாம். இனி அது சொந்தச் சொத்து என்பதற்கு அடையாளமாக ‘பி’ என்ற எழுத்தை அதில் குத்திக் கொடுப்பார்களாம். அந்த எழுத்தை அவர் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“சந்தையில எத்தனையோ டேபிள் இருந்துச்சு வெண்பா. நேரா இதுகிட்டதான் போய் நின்னேன். என்னை யாரோ கூப்பிட்ட மாதிரி,” என்றார். “இதோட ஹிஸ்டரிய ஃபுல்லா டிரேஸ் பண்ணணும். யார் யார் கையில இருந்துச்சு, எப்படி இங்க வந்துச்சுன்னு. நீதான் டேட்டா ஆளாச்சே, பண்ணிக் குடேன்.”

கேட்டது அவர்தான். இதை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். வீட்டிலிருந்தே வேலை. என் வேலை, கம்பெனிப் பட்டியல்களில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா, யாராவது பொய்த் தகவல் போட்டிருக்கிறார்களா என்று தேடுவது. வாந்தி, தூக்கமின்மை, டெக்சஸ் வெயில் எல்லாவற்றுக்கும் நடுவில் இப்படி ஒரு தேடல் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

துப்பாக்கியின் தோல் உறைக்குள் மசியால் ஒரு பெயரும் ஊரும் எழுதியிருந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி துவாரகா இருக்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி, பல் டாக்டர். அவள் அண்ணன் சுலக்சன் இருபது வருடமாக பேர்ன் நகரத்தில் இருக்கிறார். சுவிஸில் தமிழன் இல்லாத ஊரே இல்லை என்று அவள் பெருமையாகச் சொல்வாள். அண்ணன், உறையில் எழுதியிருந்த ஊரின் நகராட்சிக்கும் பழைய செய்தித்தாள் காப்பகத்துக்கும் எழுதிக் கேட்டார். இந்தப் பக்கம் நான் பழைய துப்பாக்கிகளைச் சேகரிக்கும் கலெக்டர்களின் இணையக் குழுக்களில் சீரியல் எண்ணைப் போட்டு விசாரித்தேன். பெயர், வருடம், எப்படி வந்தது, எப்படிக் கைமாறியது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் முதல் முறை அது நடந்தது. காலையில் காபி போட இறங்கி வந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. துணிமேல் அந்தத் துப்பாக்கி. பக்கத்தில் துடைக்கும் குச்சி, பிரஷ், எண்ணெய்ச் சீசா, எல்லாம் வரிசையாக, ஆப்பரேஷனுக்கு எடுத்து வைத்ததுபோல. அறையில் நனைந்த கம்பளியின் வாடை அடித்தது. ஜூலை மாத டெக்சஸில் யார் வீட்டில் கம்பளி நனையும்?

அவர் இறங்கி வந்து பார்த்தார்.

“சேஃப நீ ஓபன் பண்ணினியா?”

“எனக்கு நம்பரே தெரியாதுங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய் உள்ளே பூட்டினார். அடுத்த வாரமும் அப்படியே விரித்திருந்தது. அதற்கடுத்த வாரமும். சேஃபின் நம்பரை மூன்று முறை மாற்றினார். மூன்றாவது முறை அவர் சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் பட்டியல் நிரம்பியது.

முதலில் வைத்திருந்தவர் ஒரு ராணுவ சார்ஜன்ட். 1979-இல், வீட்டில், துப்பாக்கியைத் துடைக்கும்போது குண்டு பாய்ந்து இறந்தார். அது அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த இடம் பென்சில்வேனியா, ஒரு மருந்துக்கடைக்காரர். 1994-இல் துடைக்கும்போது குண்டு பாய்ந்து இறந்தார். பிறகு ஓக்லஹோமாவில் ஒரு பண்ணைக்காரர். 2019-இல் துடைக்கும்போது.

ஒரே பதில் மூன்று வரிசையில் வந்தால், யாரோ ஒரு வரிசையைப் பார்த்து மற்றதையும் நிரப்பிவிட்டார்கள் என்றுதான் என் தொழிலில் சந்தேகப்படுவோம். நானும் அப்படித்தான் நினைத்து மறுபடி சரிபார்த்தேன். மூன்றும் உண்மை. அதைவிட மோசம், கலெக்டர் ஒருவர் எனக்கு எழுதிய ஒரு வரி. குண்டுகள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் இந்த மாடல் துப்பாக்கி சுடவே சுடாது, அதன் அமைப்பே அப்படி, என்று எழுதியிருந்தார். போலீஸ் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேரும் மேகசினைக் கழற்றி மேசையின் இடதுபக்கம் வைத்திருந்தார்கள்.

நடுவில் இன்னொருவரும் பதினோரு வருடம் அதை வைத்திருந்திருக்கிறார். ஆர்கன்சாவில் ஓய்வுபெற்ற வாத்தியார், உயிரோடு இருக்கிறார். போன் செய்தேன். அது ஒருநாள்கூடத் தன்னிடம் தொந்தரவு செய்ததில்லை, ஆனால் தன் வீட்டில் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை என்று எப்போதும் தோன்றும், அதனால் விற்றுவிட்டேன் என்றார். பின்னால் ஒரு பெண் குரல் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டது. என் மனைவி, நாற்பத்தொன்பது வருடமாக இதே அதட்டல்தான், என்று சொல்லிச் சிரித்தார்.

போனை வைத்துவிட்டுப் பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். மனைவி.

சார்ஜன்டின் மனைவி வெரேனா. அலமாரியை ஒழுங்குசெய்யும்போது அதே துப்பாக்கி வெடித்து இறந்தாள் என்று 1961-ஆம் வருடச் செய்தி. மருந்துக்கடைக்காரரின் மனைவி டோரிஸ், நீந்தத் தெரிந்தவள், ஏரியில் மூழ்கினாள். பண்ணைக்காரரின் மனைவி லிண்டாமேல் பிரேக் போட்டு நிறுத்தியிருந்த டிராக்டர் தானாக ஏறியது. எல்லாமே விபத்து. எந்தக் கணவனும் ஒருநாள்கூட ஜெயிலில் இருந்ததில்லை. எல்லோரும் கண் கலங்கியிருப்பார்கள்.

கடைசி வரிசையில் சேனாபதி என்று இருந்தது.

அன்று சாயங்காலம் துவாரகா வீட்டுக்குப் போனேன். ராஜலக்ஷ்மியைப் பற்றி அதுவரை நான் அவளிடம் கேட்டதே இல்லை. கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

“அவா செத்ததுக்கு முதல்நாள் என்னட்ட வந்தவா வெண்பா. ரெண்டு நாளைக்கு உங்கட வீட்டை வந்து நிக்கட்டோ எண்டு கேட்டவா. ஓம், வாங்கோ எண்டனான். ஏன் எண்டு கேக்கேல்லை. அடுத்த நாள் அம்புலன்ஸ்தான் வந்தது.” அவள் அழுதாள். “ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.”

ஆக, அந்த சூட்கேஸ் ஊருக்குப் போக இல்லை. இரண்டு வீடு தள்ளிப் போக.

நான் திரும்பியபோது என் லேப்டாப் முன்னால் சேனாபதி உட்கார்ந்திருந்தார். பட்டியல் திறந்திருந்தது.

“நல்லா பண்ணியிருக்க,” என்றார் மெதுவாக. “ஆனா ‘மனைவி’ன்னு ஒரு கட்டம் எதுக்கு? என் பேருக்கு நேரா மட்டும் காலியா விட்டிருக்க. ஃபில் பண்ணலையா?”

அவர் அந்த ஃபைலை அழித்தார். எழுந்து மேலே போனார். அட்டிக்கின் கதவை இழுக்கும் சத்தமும் மடக்கு ஏணி ஒவ்வொரு படியாக விரியும் சத்தமும் கேட்டன. இறங்கி வந்து என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“உன் சூட்கேஸ் மேலதான் இருக்கு. எங்கயாவது போகணும்னா நீயே ஏறி எடுத்துக்கோ.”

ஏணியை அவர் மடக்கவில்லை. அன்றைக்கும் மடக்கவில்லை, அடுத்த நாளும் மடக்கவில்லை.

சூட்கேஸ் இல்லாமல் கால்போன போக்கில் கிளம்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட், விசாத் தாள்கள் எல்லாம் அவருடைய சேஃபுக்குள், துப்பாக்கிகளோடு இருந்தன. ஏழு மாத வயிறு. எங்கே போனாலும் பிள்ளைக்கு அப்பா அவர்தான், தேடிக்கொண்டு வருவார். பயம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. எனக்காக மட்டும் வந்த கோபம் இல்லை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போன ஒவ்வொருத்தன்மேலும் வந்த கோபம்.

அந்த வாரம்தான் என் மாமியார் சாந்தாமணி ஆரணியிலிருந்து வந்து இறங்கினார். என் அம்மாவுக்கு விசா கிடைக்காததால் பிரசவத்துக்கு அவர் வந்தார். வந்ததும் முதல் பேச்சே, வளைகாப்புக்கு முன்னால் மூத்தாளுக்குப் பூவாடைக்காரி படையல் போட்டாக வேண்டும் என்பதுதான். பூவும் பொட்டும் போகாமல், புருஷனுக்கு முன்னால் இறந்த பெண்களைக் குலதெய்வத்தோடு சேர்த்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்குப் புதுச்சேலை, வளையல், பூ எல்லாம் வைத்து, இலை போட்டுப் பரிமாறி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். அவள் வந்து சாப்பிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்று முறை தட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

“அதெல்லாம் இங்க வேணாம்மா,” என்றார் சேனாபதி.

“வேணும்டா,” என்றார் மாமியார். மகன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். சேனாபதி மாடியில் கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். கீழே விருந்தாளி அறையை நான் கழுவித் துடைத்தேன். கற்பூரம் ஏற்றினால் அலறும் என்று புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். ஃப்ரோசன் வாழையிலையை வெந்நீரில் நனைத்து விரித்தேன்.

ஓர் இலை இல்லை. நான்கு.

என் கல்யாணச் சீர்ப் புடவைகளில் பிரிக்காமல் இருந்த மூன்றை எடுத்து, மாமியார் கொண்டுவந்த சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன். நான்கு டஜன் கண்ணாடி வளையல். நான்கு முழம் பூ. சர்க்கரைப் பொங்கல், வடை, கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் ராஜலக்ஷ்மிக்குப் பிடித்தவையாம். டோரிஸ் என்ன சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் வடைதான் வைத்தேன்.

“யாருக்குடி மீதி மூணு?” என்றார் மாமியார்.

“அவங்களும் பூவோட போனவங்கதான் அத்தை. இதுவரைக்கும் யாரும் இலை போடல.”

மாமியார் கற்பூரத்தைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, “ராஜலக்ஷ்மி, தாயே, சாப்பிட்டுட்டு அவனை விட்டுடு. எனக்கு ஒரே புள்ள. விட்டுடு தாயே,” என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பெண்மணிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே என்னைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்.

நான் நான்கு பெயரையும் சொன்னேன். வெரேனா. டோரிஸ். லிண்டா. ராஜலக்ஷ்மி அக்கா. வாங்க, வயிறாரச் சாப்பிடுங்க, வந்த காரியத்த முடிச்சிட்டுப் போங்க, என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கதவைச் சாத்தினேன்.

இரண்டு பேரும் வெளியே நின்றோம். ஏசி ஓடும் சத்தம் கேட்டது. மேலே மீட்டிங்கில் சேனாபதி பேசும் குரல் கேட்டது.

கதவிடுக்கிலிருந்து முதலில் ஈரக் கம்பளி வாடை வந்தது. பிறகு ஏரிச் சேறு. பிறகு டீசல். கடைசியாக மல்லிகை. நான் வைத்தது மல்லிகை இல்லை. கடையில் கிடைத்த சாமந்திதான்.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். புதுச்சேலை மடிப்பைப் பிரித்து உதறும் சத்தம். மறுபடி வளையல்.

நெடுநேரம் கழித்து, நான் வழக்கப்படி கதவை மூன்று முறை தட்டினேன்.

உள்ளேயிருந்து பதில் தட்டல் வந்தது.

ஒன்று, கதவின் மேல்பக்கம். ஒன்று, என் தோள் உயரத்தில். ஒன்று, இன்னும் கொஞ்சம் கீழே.

ஒன்று, சரியாக என் வயிற்றுக்கு நேரே.

நான் கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை. ஜன்னல் உள்ளே தாழிட்டபடி இருந்தது. நான்கு சேலைகளையும் காணவில்லை. இலைகளில் ஒரு பருக்கைகூட இல்லை. நான்கும் மடித்திருந்தன. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சாப்பிட்டவர்கள் இலையைத் தம் பக்கமாக மடிப்பார்கள். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பது.

நான்கும் எதிர்ப்பக்கமாக மடித்திருந்தன.

மாமியார் அதைப் பார்த்துவிட்டு, “சேனா!” என்று கத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். எழுபது வயதில் யாரும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் ஓடவில்லை.

மேலே சேனாபதியின் மீட்டிங் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது.

“இல்ல,” என்றார். “நான் இத வெளிய எடுக்கல.”

பிறகு, மிக மெல்ல, “லக்ஷ்மி, நான் வேணும்னு பண்ணல.”

ஒரே ஒரு வெடிச் சத்தம்.

நான் மேலே போனபோது, அவருடைய ஆபீஸ் மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. குச்சி, பிரஷ், எண்ணெய் எல்லாம் வரிசையாக இருந்தன. மேகசின் இடதுபக்கம் தனியாகக் கிடந்தது. துணியில் மஞ்சள் தொட்ட விரல் தடங்கள் இருந்தன. மாமியார் மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்தது. துடைக்கும்போது நடந்த விபத்து என்று எழுதியது. ஒரே ஒரு கேள்விதான் அவர்களைக் குழப்பியது. மீட்டிங்கில் இருந்த, கலிபோர்னியா சான் ரமோன் ஆபீஸ்காரர் ஒருவர், கடைசியில் அந்த அறையில் பல பெண்களின் குரல் கேட்டது என்று சொன்னாராம். யார் அவர்கள் என்று கேட்டார்கள். வீட்டில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேருமே அந்த அறையில் இல்லை என்றேன். அது உண்மைதான்.

மாமியார் பிரசவத்துக்கு இருக்கவில்லை. காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டார். ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

“நான் விட்டுடச் சொல்லிக் கும்பிட்டேன். நீ என்னடி சொல்லிக் கும்பிட்ட?”

நான் பதில் சொல்லவில்லை. என்னைப் பெண் கேட்டு வந்தபோது அவரும் ஒன்றும் சொல்லவில்லையே.

அக்டோபர் கடைசியில் பிள்ளை பிறந்தது. தனியாக எப்படிச் சமாளிக்கிறாய் என்று துவாரகா கேட்பாள். கஷ்டமே இல்லை. தூளியை நான் ஆட்ட வேண்டியிருக்காது, அதுவே ஆடும். ஆடும்போது கண்ணாடி வளையல் சத்தம் கேட்கும். பழகிவிட்டது. ஒரு வீட்டில் நான்கு பெரிய பெண்கள் இருந்தால் எவ்வளவு ஒத்தாசையோ அவ்வளவு ஒத்தாசை. அவர்களுக்கு நான் நன்றியோடுதான் இருந்தேன்.

பிப்ரவரியில் போலீஸ் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தது. கலெக்டர் குழுவில் ஒரு வரி போட்டேன். மறுநாளே ஹூஸ்டனிலிருந்து ஒருவர் எழுதினார். இதன் முழு வரலாறும் எனக்கு வேண்டும், உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இருக்கிறது, நேரில் தருகிறேன், நீங்களும் உங்கள் மனைவியும் ஒருநாள் வாருங்கள் என்று பதில் போட்டேன்.

மனைவி போன வருடம் படகிலிருந்து தவறி விழுந்துவிட்டாள், நான் மட்டும் வருகிறேன் என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலிலேயே கண் கலங்கினார். பெட்டியைக் கையில் கொடுத்தேன். பட்டியலை மறுபடி எழுதி வைத்திருந்தேன், மனைவி என்ற கட்டம் இல்லாமல். அதையும் கொடுத்தேன். அவர் கார் தெருமுனை திரும்பியபோது வீட்டுக்குள் வளையல் சத்தம் நின்றது. தூளி நின்றது. பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் முறையாக, ஆள் இல்லாத வீட்டில் அழுகிற மாதிரி வீறிட்டு அழுதான்.

கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவனைத் தூக்க அறைக்குப் போனேன்.

வாசற்படியில் நின்றுவிட்டேன். தூளி மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. இந்த முறை ஒரே ஒரு கையின் வளையல் சத்தம். மல்லிகை வாடை. மூன்று பேர்தான் போயிருக்கிறார்கள்.

ராஜலக்ஷ்மி அக்காவுக்கு இங்கே இன்னும் என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. தூளிக்குள் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, தனக்கு மேலே யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் அவன் அப்படியே அப்பா ஜாடை என்கிறார்கள்.